போர்வையின் நான்காவது ஓரம்

காப்பாற்ற வேண்டும் என்று ஒன்றைத் தொடாமல் வைத்திருப்பதற்கும், அதைக் கண்ணெதிரே அழியவிடுவதற்கும் என்ன வேறுபாடு? சென்ற ஐப்பசியில், ஒரு போர்வையை மடியில் வைத்துக்கொண்டு கத்திரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்த நாட்களில், இந்தக் கேள்வியிலிருந்து என்னால் தப்ப முடியவில்லை.

போர்வை என் அக்கா தைத்தது. தஞ்சாவூரில் அவளுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்த மாதங்களில், கைப்பேசியில் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டு தொடங்கினாள். பழைய பருத்திச் சேலைகளை நான்கு அடுக்காக விரித்து, மேலடுக்கில் சதுரத் துண்டுகளை இணைத்து, எல்லாவற்றையும் சேர்த்து வரிசை வரிசையாகக் கையால் தைத்தாள். தொடங்கிய பக்கத்தில் தையல்கள் அரிசி மணி அளவில் ஒரே சீராக இருக்கும். முடித்த பக்கத்தில் அவை நீண்டு, தளர்ந்து, சரிந்திருக்கும். உடம்பு எந்த வாரத்தில் எவ்வளவு சோர்ந்தது என்பதை அந்த வரிசைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதனால்தான் நான்காவது ஓரம் மட்டும் ஒரு முனையில் மூன்று விரல் அகலம் கோணிக்கொண்டு போயிருந்தது. பிரியாமல் இருக்க ஓரங்களைச் சுற்றித் துணிப்பட்டி வைத்துத் தைக்கும் வேலை ஒன்றுதான் பாக்கி. அதற்குள் அவள் இறந்துபோனாள்.

அவளுடைய மகளுக்கு அந்த ஐப்பசியில் ஐந்து வயது. வலங்கைமானுக்கு அருகே எங்கள் வீட்டில், அம்மாவோடும் என்னோடும் இருந்தாள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் அத்தான், மகளைத் தன்னோடு அழைத்துப்போக விடுப்பில் வந்திருந்தார். கிளம்ப மூன்று வாரம் இருந்தது. குழந்தை அந்தப் போர்வையோடுதான் தூங்குவாள். பட்டி இல்லாத ஓரத்தில் பிரிந்து நிற்கும் நூல் ஒன்றை விரலில் சுற்றி, மெல்ல இழுத்துக்கொண்டே கண்ணயர்வாள். காலையில் பாயைச் சுருட்டும்போது நூல் துணுக்குகள் உதிரும். இப்படியே விட்டால் போர்வை அவள் கையிலேயே பிரிந்து தீர்ந்துவிடும். பட்டி வைத்தால் போர்வை பிழைக்கும், அவள் விரலுக்கு நூல் இராது. விமானம் ஏறுவதற்குள் இரண்டில் ஒன்றை நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

வலங்கைமான் கடைத்தெருவில் என் கல்லூரித் தோழி தையல் கடை வைத்திருக்கிறாள். நோன்புக் காலமானாலும் தீபாவளியானாலும் அவள் கடையில் துணி மலைபோலக் கிடக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டுப் போர்வையை விரித்தாள். டேப் வைத்து அளந்து, சாக்குக்கட்டியால் நேர்கோடு போட்டாள். நான்காவது ஓரத்தில் அந்தக் கோடு அக்காவின் கடைசி வரிசைகளுக்கு உள்பக்கமாக விழுந்தது.

“இதுக்கு வெளில இருக்கறது போயிடும்டி,” என்றாள்.

வெட்டாமலே பட்டி வைக்க முடியாதா என்று கேட்டேன். கோணலாக வைத்தால் கனம் ஒரு பக்கமாக இழுக்கும், நாலு தடவை துவைத்தால் கிழிந்துவிடும் என்று விளக்கினாள். நான் போர்வையை மடிக்கத் தொடங்கியதைப் பார்த்து, “ஊர்ல உள்ள பொம்பளைங்களுக்கெல்லாம் தைரியம் சொல்லிக்கிட்டுத் திரியிற. ஒரு கத்திரிக்கோலுக்கு இந்த நடுக்கமா?” என்றாள்.

சிரித்து மழுப்பிவிட்டுப் போர்வையைத் திருப்பி எடுத்துவந்தேன். அதன்பின் அவள் இரண்டு முறை கூப்பிட்டபோதும் நன்னிலத்தில் பெண்கள் குழுக் கூட்டம் இருப்பதாகச் சொன்னேன். ஒன்று உண்மை, மற்றது பொய்.

வழி சொன்னது அம்மா. கஞ்சி போட்டால் ஓரம் விறைப்பாக நிற்கும், வெட்டாமலே மடித்துத் தைத்துவிடலாம் என்றாள். எங்கள் வீட்டில் கஞ்சி காணாத பருத்திச் சேலையே கிடையாது. ஆகவே அந்த யோசனை இயல்பாகப் பட்டது. ஆனால் நான் அதைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் அதுவல்ல. வெட்டுவதைத் தள்ளிப்போட அது ஒரு வழி. எந்த முடிவிலும் பின்விளைவை எண்ணிப்பார்ப்பவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அன்று நான் எண்ணியது கத்திரிக்கோலின் விளைவை மட்டுமே.

கூடத்தில் குறுவை நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய மூட்டைகள். நெல்லே காயாத அந்த அடைமழையில், நான்கு அடுக்குத் துணியை வடிகஞ்சியில் முக்கி எடுத்தோம். மூட்டைகளின் மேல் விரித்து மின்விசிறியை ஓடவிட்டோம். மூன்றாம் நாள் புளித்த வாடை வந்தது. ஐந்தாம் நாள் மேலடுக்கில் கரும்புள்ளிகள் தெரிந்தன. வேறு வழியின்றிச் சோப்புத்தூளில் ஊறவைத்து இரண்டு முறை அலசினோம். அக்காவின் தேங்காயெண்ணெய் வாசனையும், அவளிடமிருந்து கடைசிவரை போகாத மருந்து நெடியும் அந்தத் தண்ணீரோடு கொல்லை வாய்க்காலில் போய்விட்டன.

போர்வை ஒருவழியாகக் காய்ந்ததும் குழந்தையிடம் கொடுத்தேன். முகத்தைப் புதைத்தாள். உடனே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“சித்தி, இது வேற.”

“இல்லம்மா, அதேதான். தொவைச்சிருக்கோம்.”

“வேற,” என்றாள். அழவில்லை. நூலைத் தேடி விரலில் சுற்றிக்கொண்டு, முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்தாள். அம்மா சமையலறைக்குப் போய், கழுவுவதற்கு ஒன்றும் இல்லாமலே குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

நான் பெண்கள் குழுக்களோடு வேலை செய்பவள். ஒரு தெருவில் குடிநீர்க் குழாய் எங்கே வர வேண்டும் என்பதற்குக்கூட அங்குள்ள எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்ட பிறகே மனு எழுதுவோம். ஆனால் இந்தப் போர்வை யாருடையதோ அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தைதானே, கேட்டால் துக்கம் கிளறும் என்று நினைத்தேன். கேட்காமல் செய்ததில் போனது அவளுடைய அம்மாவின் வாசனை.

மறுநாள் அவளைத் தோழியின் கடைக்கு அழைத்துப்போனேன். கோடு மறுபடி போடப்பட்டது. கோணலைக் காட்டினேன். இங்கே வெட்டினால் போர்வை உறுதியாக நிற்கும், வெட்டாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துவிடும் என்றேன். “இது அம்மா கடைசியா தச்சது. வெட்டுனா இது போயிடும்,” என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

“போயிடும்னா, எங்க போகும்?”

கோட்டுக்கு வெளியே இருந்த துணியைத் தொட்டுக் காட்டி, “எங்கயும் போகாது. தனியா கையில இருக்கும்,” என்றேன்.

“அப்ப எங்கிட்ட குடு.”

வெட்டினேன். தோழி கேலியை விட்டுவிட்டு மறுமுனையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான்கு அடுக்கும் சேர்ந்து அறுபடும் ஓசை, ஈர வைக்கோலை அரிவாள் அறுப்பதைப்போல் இருந்தது. பாதி தூரத்துக்குப் பிறகு கண் கலங்கிக் கோடு மங்கியது, துடைத்துக்கொண்டு தொடர்ந்தேன். துண்டு ஒரு முனையில் மூன்று விரல் அகலமும் மறுமுனையில் வெறும் நூலுமாக வந்தது. குழந்தை அதை வாங்கித் தன் உள்ளங்கையைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

பட்டிக்குத் துணி வேண்டுமென்றபோது அம்மா பீரோவைத் திறந்தாள். கருமாதிக்குப் பின் அக்காவின் சேலைகளையெல்லாம் கொடுத்துவிட்டோம். அரக்குச் சேலை ஒன்றை மட்டும் அம்மா மறைத்து வைத்திருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதைக் கிழித்துக் கையாலேயே பட்டி தைத்தேன். மூலைகளை மடிக்கத் தெரியாமல் இரண்டைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். நான்காவது மூலை ஓரளவுக்கு வந்தது.

கிளம்பும் நாள் அத்தான் போர்வையைப் பெட்டியில் வைத்தார். குழந்தை அதை வெளியே இழுத்தாள்.

“இது இங்க இருக்கட்டும். அம்மாச்சிக்குக் குளுரும்.” கையில் சுற்றியிருந்த துண்டைக் காட்டி, “எனக்கு இது இருக்குல்ல,” என்றாள்.

அத்தான் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், “இவ்ளோ பாடுபட்டுத் தச்சிருக்கியேம்மா,” என்றார்.

“அவ சொல்லிட்டா அத்தான். விடுங்க,” என்றேன். அதைச் சொல்வது சுலபமாக இருக்கவில்லை. அந்தப் போர்வை அக்காவின் கைபோல அவள்கூடப் போய் இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன்.

போர்வை இப்போது அம்மாவின் கட்டிலில் இருக்கிறது. நான்கு ஓரங்களும் உறுதியாக நிற்கின்றன. மஸ்கட்டிலிருந்து வீடியோ அழைப்பு வரும்போது குழந்தையின் கையில் அந்தத் துண்டைப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அது சற்று மெலிந்திருக்கிறது. அதற்கும் ஒரு பட்டி வைக்கட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன். வேண்டாம் என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

யாருடைய பொருளையும் இப்போது நான் அவர்களைக் கேட்காமல் தொடுவதில்லை. பதில் கிடைத்த பிறகு வேலையைத் தள்ளிப்போடுவதும் இல்லை.