மூச்சை அடக்கி அளந்தவள்

ஆண்டிமடத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து அவள் விரல்நுனிகள் கறுத்திருக்கும். தொண்ணூற்றெட்டில், கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் அவள்தான் எனக்கு ஜோடி. அவள் அளவு பார்த்துச் சொல்வாள், நான் எழுதுவேன்.

ஸ்க்ரூகேஜில் கம்பியின் விட்டத்தைப் பார்க்கும் முன் இடது கண்ணை மூடி, மூச்சை அடக்குவாள். என் மூச்சும் தானாக நின்றுவிடும். "பாயிண்ட் மூணு எட்டு" என்பாள். அடுத்தது மூணு ஒம்பது, பிறகு மூணு ஏழு. சராசரியும் பிழை சதவீதமும் நான் போடுவேன். எங்கள் பிழை இரண்டு சதவீதத்தைத் தாண்டியதே இல்லை.

செய்முறைத் தேர்வில் ஜோடி கிடையாது. நான் பார்த்த அளவுகள் மூணு ஒண்ணுக்கும் நாலு அஞ்சுக்கும் இடையே அலைந்தன.

"ரெக்கார்டு நோட்டு இவ்வளவு சுத்தமா இருக்கு, இங்க ஏம்மா இப்படி?" என்றார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். என் கைதான் சரியில்லை என்று நம்பினேன்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவளிடம் சொல்லி அழுதேன். அவள் சிரித்துவிட்டாள்.

"நான் என்னிக்குடி அளவு பாத்தேன்? புக்குல இருக்கற விடையிலேருந்து பின்னாடி கணக்குப் போட்டு வெச்சிருப்பேன். அதத்தான் சொல்லுவேன்."

"அப்ப அந்த வித்தியாசமெல்லாம்?"

"எல்லாம் ஒண்ணா இருந்தா சார் கண்டுபிடிச்சுருவாருல்ல? அதான் கொஞ்சம் கூட்டிக் கொறைச்சுச் சொன்னேன்."

பஸ் வந்தது. "போயிட்டு வரேன்டி" என்று ஏறிக்கொண்டாள்.

விடைகள் பொய்யானதை எப்போதோ மன்னித்துவிட்டேன். பிழைகளாவது எங்களுடையவை என்று நினைத்திருந்தேன். அவள் எதற்காக மூச்சை அடக்கினாள் என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.