துளசி ஹோம் இணைந்துள்ளது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் தானியேல் கேட்டுக்கு நடுவில் நிற்க மாட்டான். வண்டியை ஓரங்கட்டி, மதிலோடு ஒட்டிக்கொண்டு, வாட்ச்மேன் பெயர் எழுதி முடிக்கும்வரை ஒதுங்கியே நிற்பான். "இன்னா சிஸ்டம் சார், மழையா பேயுது? இப்டி ஒண்டிக்கினு நிக்கிற?" என்று கேலி செய்யாத வாட்ச்மேன் இல்லை. அவனும் சிரித்து மழுப்பிவிடுவான். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிக்க மாட்டார்கள், அதுதான் சங்கடம்.

பொன்னேரிப் பக்கத்து ஆள். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தான். பிள்ளை சென்னையில் ஏசி அறைக்குள் உட்காரப் போகிறான் என்று வீட்டில் கனவு கண்டார்கள். அவன் உட்கார்ந்தது என்னவோ பைக் சீட்டில்தான். இரும்புத்தூசி பறக்கிற ஏழெட்டுக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு, தோள்பையில் ஒரு கூடை ஒயரைச் சுமந்துகொண்டு காலம் தள்ளுகிறான். கோளாறு பார்க்கும்போது பெட்டியோடு பேசுவான். "இன்னாடா ஒனக்கு? எங்க வலிக்குது, சொல்லு." அவன் மனைவி ஏஞ்சல், "அதுங்ககிட்ட பேசறதுல பாதி எங்கிட்ட பேசுனா எங்கம்மா ஊட்டுக்கு நான் ஏன் போறேன்?" என்பாள். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் பிடிபடாத கோளாறு உலகத்தில் கிடையாது, இதுதான் அவன் வேதம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போவான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவான்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் அந்த பைப் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மேனேஜர் அன்புசெல்வன் பேசினார். டிஸ்பாட்ச் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். எந்த லாரியில் என்ன சரக்குப் போகிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கேட்டுக் கேமராவும் அதில்தான் ஓடுகிறது. சென்னை ஹெட் ஆபீஸ்காரர்கள் அங்கிருந்தபடியே அதன் திரையைத் தங்கள் கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பார்கள். நாலு நாளாகத் திறந்தால் வெறும் கறுப்பு.

"நெட்டு போயிருக்கும் சார்."

"நெட்டு கீதுப்பா. கனெக்ட் ஆவுது, பாஸ்வேர்டு வாங்குது, உள்ள போனா அமாவாசை. ஹெட் ஆபீஸ்ல என்னை வறுத்து எடுக்கறானுங்க."

தானியேல் தன் லேப்டாப்பிலிருந்து போய்ப் பார்த்தான். மனிதர் சொன்னது சரிதான். கனெக்‌ஷன் பிடித்தது, அம்புக்குறி தெரிந்தது, அம்புக்குறிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. சாஃப்ட்வேரை நிறுத்தித் திரும்ப ஓட்டினான். பட அளவைக் குறைத்துப் பார்த்தான். பெட்டியையே அணைத்துப் போட்டான். உயிர் இருக்கிறது, முகம் இல்லை. நேரில் பார்த்தால்தான் ஆகும் என்று வண்டியை எடுத்தான்.

டிஸ்பாட்ச் அறையில் நுழைந்தவன் அப்படியே நின்றான். மானிட்டரைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். ஒயர் பிடுங்கப்பட்டு தரையில் கிடந்தது. மானிட்டர் தலையில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தது, லாரிக்குக் கட்டுவார்களே, அதே மாதிரி.

"இன்னா இது?"

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பூமிகா தள்ளிப் போய் வேறொரு மேசையில் லேப்டாப் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்தான் சொன்னாள். சாயங்காலம் சங்கு ஊதினதும் அந்தக் கம்ப்யூட்டரில் அம்புக்குறி தானாக நகருமாம். யாரும் தொடாமலே கேமரா படம் பெரிதாகத் திறக்குமாம்.

"அதுக்கு முன்ன ஒரு டப்பா வரும் சார், ஓரத்துல. 'துளசி ஹோம் இணைந்துள்ளது'ன்னு. எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு."

துளசிராமன் அந்த நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்திருந்த டிஸ்பாட்ச் கிளார்க். ஆடி மாதம் வேலை முடித்து வீட்டுக்குப் போகும்போது கவரப்பேட்டை அருகே லாரி அடித்து, அந்த இடத்திலேயே போய்விட்டார். இப்போது ஐப்பசி.

"ஒயர யாரு புடுங்குனது?"

"மேனேஜர் சார்தான். தெரிஞ்சாத்தான பயப்படுவீங்க, தெரியாமலே பண்ணிட்டேன்னாரு."

அட, என்ஜினீயரிங் படித்த மனுஷா! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர் அதற்கும் ஒருபடி மேலே போய் இருட்டையே உண்டாக்கி வைத்திருக்கிறார். விஷயம் இவ்வளவுதான். ஒயர் வழியாக மானிட்டர் இருப்பது தெரிந்தால்தான் கம்ப்யூட்டர் படம் போடும். பார்க்க ஆள் இல்லை என்று அது முடிவுகட்டிவிட்டால் யாருக்காகப் போடும்? சென்னையில் தெரிந்த கறுப்பு அதுதான்.

ஒயரைத் திரும்பச் சொருகப் போனான். பூமிகா அழுதேவிட்டாள். அன்புசெல்வனும் ஓடிவந்து, "மானிட்டரு வோணாம்ப்பா. ஆனா ஹெட் ஆபீஸ்க்குப் படம் வரணும்" என்றார். தானியேல் பையைத் துழாவி டம்மி பிளக் ஒன்றை எடுத்தான். விரல்கடை அளவுதான் இருக்கும். பெட்டியின் பின்னால் சொருகிவிட்டால் எதிரில் ஒரு திரை இருப்பதாக அதை நம்பவைத்துவிடும். கொல்லையில் சட்டை மாட்டி நிறுத்துகிற பொம்மை காக்காயை ஏமாற்றுகிற மாதிரி. சொருகினான். சென்னையிலிருந்து உடனே போன் வந்தது, படம் தெரிகிறதென்று. அன்புசெல்வன் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சரிபார்ப்பதற்காகத் தன் லேப்டாப்பிலும் அந்தத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு தானியேல் டீ குடித்தான். சங்கு ஊதியது. ஓரத்தில் அந்தச் சின்னப் பெட்டி எழும்பியது. துளசி ஹோம் இணைந்துள்ளது.

அவன் கை டீ கிளாஸில் இருந்தது. அம்புக்குறி நகர்ந்தது. தட்டுத்தடுமாறி, வழி தேடித் தேடி, கேமராப் படத்தின் மேல் போய் நின்று அதைப் பெரிதாக்கியது. கேட்டு தெரிந்தது. ஷிப்ட் முடிந்த ஆட்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். அம்புக்குறி கேட்டின் நடுவில் நின்றது, அசையவே இல்லை. கடைசி ஆள் போய், வாட்ச்மேன் கேட்டை இழுத்து மூடின பிறகும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பெட்டி மறைந்தது. "ஏசப்பா" என்று அவன் வாயில் தானாக வந்தது. டீ ஆறிப்போயிருந்தது.

பயம் தெளிந்ததும் தொழில் புத்தி வேலை செய்தது. பேய்க்கு எதுக்குடா 'ஹோம்'? செத்தவர் இன்டர்நெட் போட்டுக்கொண்டா வருவார்? இது துளசிராமன் வீட்டு லேப்டாப். ஊரடங்கு சமயத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்க அவர் போட்டுக்கொண்ட இணைப்பு, பாஸ்வேர்டோடு இன்னும் உயிரோடு இருக்கிறது. இதைச் சொன்னதும் அன்புசெல்வனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வெளியாளா? அய்யோ, அதுக்குப் பேயே தேவலையே! நாளைக்கே பாஸ்வேர்ட மாத்து. ஹெட் ஆபீஸ்க்குத் தெரிஞ்சா ஒன் கான்ட்ராக்டும் காலி, என் வேலையும் காலி."

மாற்றுவதற்கு முன் அந்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று மறுநாள் காலை தானியேல் கவரப்பேட்டைப் பக்கத்து ஆரணிக்குப் போனான். ஊரை ஒட்டி, நெல் வயலைப் பார்த்த வீடு. துளசிராமன் மனைவி மணியம்மாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். பெயரைச் சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நீதான் அந்தக் கம்ப்யூட்டரு தம்பியா? அவரு சொல்லுவாரு. நாலு நாளா கறுப்பா கெடந்துச்சு, நேத்து வந்துடுச்சி. நீ பண்ணதா?"

"ஆமாக்கா."

"நல்லா இருப்ப. ஒக்காரு, காபி தரேன்."

வழியெல்லாம் அவன் சேர்த்து வைத்திருந்த பேச்சு அங்கேயே செத்தது. கூடத்தில் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது. மகளைப் பொதட்டூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். மணியம்மாள் தனியாகத்தான் இருக்கிறாள்.

"சாயங்காலம் அதுல இன்னாக்கா பாப்பீங்க?"

"கேட்டதான். சங்கு ஊதுனா அவரு கேட்டாண்ட வண்டிய நிறுத்திக்கினு, மேல பாத்து கைய தூக்குவாரு. நான் இங்கருந்து பாத்துட்டு ஒலையில அரிசிய போடுவேன். அவரு ஊடு வந்து சேர்றதுக்கும் சோறு வடிக்கறதுக்கும் சரியா இருக்கும். போன் பண்ணா காசா ஆவுதுன்னு கேப்பேன். போன்ல மூஞ்சி தெரியாதே மணின்னுவாரு."

சிரித்தாள். தானியேலும் சிரித்து வைத்தான்.

"அன்னிக்கி இங்க கரண்டு இல்ல தம்பி. பெட்டியில சார்ஜியும் இல்ல. அப்பால வந்து லாரி அடிச்சிடுச்சின்னாங்க. ஆஸ்பத்திரியிலருந்து மூட்டையா கட்டிக் கொணாந்தாங்க. மூஞ்ச காட்டல, பாக்க வேணாம்மான்னாங்க. பதினாறாம் நாளு காரியம் வரைக்கும் எல்லாம் செஞ்சேன், ஒரு கொறையும் வெக்கல. ஆனா அவரு கேட்டத் தாண்டுனத நான் பாக்கல." தவிட்டு விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். "நான் பாக்காம எப்டி வெளிய வந்திருப்பாரு?"

காபி வாங்க அடுப்படி வாசலுக்குப் போனவன் கண்ணில் ஒரு குண்டான் பட்டது. களைந்த அரிசி தண்ணீரில் ஊறிப் பூத்துக் கிடந்தது.

"நேத்து களைஞ்சி வெச்சது. கைய தூக்குனாத்தான ஒலையில போடணும்? காலைல மாட்டுக்கு ஊத்திடுவேன்."

"நீங்க சாப்டறது?"

"கஞ்சி குடிப்பேன். பகல்ல."

தானியேல் காபி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தான். சொல்லாமல் போனால் நாளைக்கு மறுபடியும் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாளே என்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டான். "அக்கா, ஆபீஸ்ல பாஸ்வேர்ட மாத்தச் சொல்லிட்டாங்க. இன்னிக்கி சாயங்காலம் மட்டும் பாத்துக்கோங்க. நாளைலருந்து வராது."

மணியம்மாள் கோபப்படவில்லை, அழவும் இல்லை.

"இன்னிக்கே வந்துடுவாரான்னு தெரியலயே தம்பி."

தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த அரிசிதான் கண்ணுக்குள் நின்றது. எப்படியாவது ஒருநாள் அது உலையில் விழவேண்டும், அதோடு அவளுக்கு விட்டுவிடும் என்று நினைத்தான். ஒரு கை தூக்குவதுதானே? ஆளில்லாத இடத்தில் ஆள் இருப்பதாக ஒரு விரல்கடைப் பிளக் நம்பவைக்கிறது. ஒரு கையால் முடியாதா? பகலெல்லாம் கம்பெனியிலேயே இருந்தான். பாஸ்வேர்டை சங்கு ஊதின பிறகு மாற்றுகிறேன் என்று அன்புசெல்வனிடம் சொல்லி வைத்தான்.

சங்கு ஊதியது. ஆட்களோடு ஆளாகத் தானியேல் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். கேட்டுக்கு நடுவில் நிறுத்தினான். கேமராவை அண்ணாந்து பார்த்து வலது கையைத் தூக்கினான். போகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று தூக்கிய கையை இறக்காமலே நின்றான். ஆரணியில் அரிசி உலையில் விழுகிற சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது.

போன் அடித்தது. மணியம்மாள்.

"பாத்தீங்களாக்கா? ஒலைய வைங்க."

"தம்பி, கொஞ்சம் ஓரமா போயேன். நடுவுல நின்னுக்கினு மறைக்கிற. பின்னாடி வர்றவங்க தெரியல."

தூக்கிய கையை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் மதிலோடு ஒட்டி நின்றான். போன் இன்னும் காதில்தான் இருந்தது. அவளும் வைக்கவில்லை. பாஸ்வேர்டை இனி மாற்றப் போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது, கான்ட்ராக்ட் போனால் போகட்டும்.

ஆட்கள் குறைந்து, ஒவ்வொருவராகி, பிறகு யாரும் இல்லை. வாட்ச்மேன் தாவீது வந்து கேட்டில் கை வைத்தார்.

"அவ்ளோதான் சார், எல்லாரும் போயாச்சு. மூடிடட்டுமா?"

தானியேல் உள்ளே எட்டிப் பார்த்தான். டிஸ்பாட்ச் அறைவரைக்கும் சிமென்ட் ரோடு காலியாகக் கிடந்தது.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றான். "இன்னும் ஒரு ஆளு வரணும்."