தொலைந்தவர்களைக் காட்டும் கருவி

தொலைநோக்கி என்றால் தொலைந்துபோனவர்களை நோக்கும் கருவி என்று எட்டாம் வகுப்புப் பரீட்சையில் எழுதிய அறிவாளி நான். வாத்தியார் அதை வகுப்பிலேயே படித்துக் காட்டிவிட்டு அடித்தார்.

போன வாரம் குடும்பத்தோடு, மலைமேல் இருக்கும் வானியற்பியல் நிறுவனத்தைப் பார்க்கப் போனேன். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தினமும் சூரியனைப் படம் பிடிக்கிற இடம். விளக்கம் சொல்ல வந்த அம்மாள், "இங்கிட்டு வாங்க" என்று கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். அந்தக் கையசைப்பு எனக்குத் தெரியும்.

அறந்தாங்கியில் என்னோடு படித்த பெலிசியா. நான் அடி வாங்கியபோது சத்தமாகச் சிரித்தவள். குவைத்துக்குப் போன அவள் அப்பாவிடமிருந்து ஒரு வருஷமாகக் கடிதமே இல்லை. பாடப் புத்தகத்தில் பார்த்த இதே நிறுவனத்தின் பெயரில் அவளுக்கு ஒரு இன்லேண்டு லெட்டர் போட்டேன்: "தங்கள் தந்தையைத் தொலைநோக்கியில் கண்டோம். தினமும் மதியம் சூரியனைப் பார்த்துக் கையசைக்கவும். அவருக்குக் காட்டுகிறோம்."

அசைத்தாள். சோற்று மணி அடித்ததும், கொதிக்கிற மைதானத்தில், கண்ணில் நீர் வழிய.

"ஒங்கப்பா சிரிக்கிறாராடி?" என்று கேட்டுவிட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். முழுப்பரீட்சை லீவு வரைக்கும் அசைத்தாள். அவள் அப்பா வரவே இல்லை. எழுதியது நான்தான் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கிளம்பும்போது அந்த அம்மாள் பார்வையாளர் நோட்டை நீட்டினார். பேர், ஊர் எழுதி, "மிக அருமை" என்றும் சேர்த்துக் கொடுத்துவிட்டு இளித்தேன்.

"பெலிசியாதானே? என்னைய நெனப்பு இருக்கா?"

அவர் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"ஒங்க கையெழுத்து மாறவே இல்ல."