மேய்ச்சல் தரையில் ஐயாவின் ஆட்டைத்திவசம்

ஐயா செத்த தந்தி ரொறன்ரோவுக்கு வந்து சேர, ஊரில சாம்பல் அள்ளிற காடாத்தும் முடிஞ்சு போச்சு. ஒரே மகன் நான். கொள்ளி வைச்சது சித்தப்பா. அந்த வெக்கம் ஒரு வருசமாய் நெஞ்சுக்குள்ள கிடந்தது. முதலாம் வருச ஆட்டைத்திவசம் கிட்டிவர அம்மா கடிதம் போட்டா: "இதையாவது ஒழுங்காய்ச் செய். சோறும் அகத்திக்கீரையும் பசு திண்ட பிறகுதான் உன்ர வாயில ஏதும் படவேணும்."

எழுபதுகளில ரொறன்ரோவில எனக்குத் தெரிஞ்ச ஒரே பசு, பால் பெட்டியில கீறியிருந்த பசுதான். என்னோட அறையில இருந்து படிச்ச மதுரைக்காரர், "கவலைப்படாதீங்கண்ணே, பிறம்ரன் டவுனைத் தாண்டினா மாடு மேயுது. பஸ்ல போறப்ப பார்த்திருக்கேன்" எண்டார். அகத்திக்குப் பதிலாய் ஸ்பினாச். வாழையிலைக்குப் பதிலாய்க் கடதாசித் தட்டு. என்ர ஓட்டைக் காரில வெளிக்கிட்டம்.

குளிருக்குப் போட்ட களிசானுக்கு மேல வேட்டியைச் சுத்திக்கொண்டு முள்ளுக்கம்பிக்குள்ளால பூந்தன். மாடுகள் தூர ஓடிப்போய் நிண்டு எங்களைப் பார்த்துதுகள். காத்து தட்டைப் பறிக்கப் பார்த்தது. தரையின்ர நடுவில இடுப்பளவு வெள்ளை வேலிக்குள்ள ஒரு கல் நிண்டுது. அதின்ர மறைவில தட்டை வைச்ச பிறகுதான் எழுத்தைக் கண்டன். கல்லறை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"ஆரோ வெள்ளைக்காரன்ர தலைமாட்டிலயோ நான் ஐயாவுக்குப் படைக்கிறது?"

"இங்கதானேண்ணே காத்து அடிக்கல" எண்டவர், மாடுகளைக் கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தார். "இன்னொண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. இதுல ஒண்ணுகூட பசு இல்ல. எல்லாம் காயடிச்ச காளை."

அந்த நேரம் பார்த்துப் பண்ணைக்காரர் ட்ராக்டரில வந்தார். ஏச்சு விழப்போகுது எண்டு நிண்டன். மனிசன் இறங்கித் தொப்பியைக் கழட்டி, கல்லைக் காட்டி, "நீங்கள் இவரின்ர ஆக்களோ?" எண்டு கேட்டார். பிறகு தானே கதையைச் சொன்னார். கல்லுக்குக் கீழ கிடக்கிறவன், அந்தப் பக்கம் வேலியே இல்லாத காலத்தில, காட்டுக்குள்ளால மாடு சாய்ச்சுக்கொண்டு ரொறன்ரோச் சந்தைக்குப் போன மாட்டுக்காரனாம். காய்ச்சலில இந்த இடத்திலதான் விழுந்தானாம். மாடு காத்திராது எண்டு, கூட வந்தவை இதிலேயே தாட்டுப்போட்டு, மகனுக்குச் சொல்லி அனுப்புறம் எண்டிட்டுப் போச்சினமாம். மகன் வரேல்லை. வருவான் எண்டு இவரின்ர பாட்டன், தகப்பன், இப்ப இவர், வருசா வருசம் வேலிக்கு வெள்ளை அடிச்சுக்கொண்டு வருகினம்.

என்ர வேட்டியையும் சோத்தையும் பார்த்து, நான் அந்த மாட்டுக்காரன்ர வாரிசு எண்டு மனிசன் முடிவுகட்டிப்போட்டார். என்ர நிறம் அவருக்கு ஒரு பொருட்டாய்ப் படேல்லை. மதுரைக்காரர் மிச்ச ஸ்பினாச் கட்டுக்குள்ள முகத்தை ஒளிச்சு வைச்சுக்கொண்டு சிரிப்பில குலுங்கினார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தன். அதுக்குள்ள பண்ணைக்காரர் என்ர தோளில கையை வைச்சு, "பிந்தினாலும் வந்திட்டீர். அது போதும்" எண்டார்.

ஒரு வருசமாய் ஆரும் எனக்கு அதைச் சொல்லேல்லை. "ஓம், பிந்தித்தான் போச்சு" எண்டன். முன்பின் தெரியாத ஒருத்தன்ர கல்லைப் பிடிச்சுக்கொண்டு ஐயாவுக்காக விக்கி விக்கி அழுதன்.

மதுரைக்காரர் மெதுவாய் வேட்டியை இழுத்தார். "அண்ணே, காளை சாப்பிடுது."

வேலிக்கு மேலால கழுத்தை நீட்டி, சோறு, கீரை, கடதாசித் தட்டு, எல்லாத்தையும் ஒரு காளை திண்டு முடிச்சிருந்தது.

அம்மாவுக்குப் பசு எண்டுதான் எழுதினன்.