நான் பார்த்ததாக எழுதியிருந்த படம்

பார்க்கும் படங்களை ஒரு நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு இருபது வருடங்களாக உண்டு. கல்யாணமான புதிதில் தொடங்கியது. என் கணவர் தி. நகரில் அண்ணன் தம்பிகளோடு பாத்திரக் கடை நடத்துகிறவர். நாங்கள் முதன்முதலாகச் சேர்ந்து போன படத்தில் டைட்டில் முடிவதற்குள் தூங்கிவிட்டார். நாளெல்லாம் கடையில் நின்றே பழகிய மனிதருக்கு இருட்டும் ஏசியும் கிடைத்தால் தூக்கம் வரத்தான் செய்யும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வெளியே வந்தபோது யாரிடமாவது அந்தப் படத்தைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும்போல எனக்கு இருந்தது. பேச ஆளில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதினேன்.

அதுவே வழக்கமாகிவிட்டது. நோட்டின் முன்பக்கத்திலிருந்து பார்த்த படங்கள். தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டிய படங்கள். போஸ்டர் கண்ணில் பட்டாலும் யாராவது சொன்னாலும் உடனே பின்பக்கத்தில் ஏறிவிடும். பார்த்து முடித்ததும் அங்கே ஒரு கோடு அடித்துவிட்டு முன்பக்கத்தில் எழுதுவேன். தேதி, தியேட்டர், சீட் எண், கூட வந்தது யார், படத்தைப் பற்றி ஒரு வரி. ஒரு வரிக்கு மேல் எழுதக் கூடாதென்பது நானே போட்டுக்கொண்ட சட்டம். 'கூட வந்தது யார்' என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரு சின்னக் கோடுதான் இருக்கும்.

இப்போது நான்காவது நோட்டு. வீடு மந்தைவெளியில். வேலை தரமணியில், ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில். பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமை மதியக் காட்சியை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

சென்ற வருடம் ஒரு படத்துக்காக நெடுநாள் காத்திருந்தேன். உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெண், வீட்டை விட்டுப் போன தம்பியைத் தேடிப் போகிற கதை என்று எங்கோ படித்திருந்தேன். பின்பக்கத்தில் அதன் பெயரை எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். படம் வந்த சமயத்தில் நூலகத்தில் புத்தகச் சரிபார்ப்பு. சனிக்கிழமைகளிலும் வேலை. நாளை எடுத்துவிடுவார்கள், நாளை எடுத்துவிடுவார்கள் என்று பதறிக்கொண்டே இருந்துவிட்டு, நான்காவது வாரம்தான் போக முடிந்தது. வடபழனியில் ஒரே ஒரு காட்சி மிச்சமிருந்தது.

வாசலில் டிக்கெட்டை ஸ்கேன் செய்கிற நடுத்தர வயதுக்காரர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, மறுபடியும் இதே படமா?"

"இல்லைங்க, இப்பத்தான் முதல் தடவை."

"முன்னாடி வந்தீங்களேம்மா. படம் வுட்டதும் வெளிய போற வழி எதுன்னு என்னாண்ட ரெண்டு தபா கேட்டீங்கோ. நான்தானே படி வரைக்கும் இட்டுக்கினு வந்து வுட்டேன்."

வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

படம் நன்றாக இருந்தது. ஒரு காட்சிகூட எனக்கு முன்பே தெரிந்ததாகத் தோன்றவில்லை. ஒரே ஒரு விஷயம். அந்தப் பெண் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது திடீரென்று லாரி ஹார்ன் அலறும். தியேட்டரே துள்ளியது. நான் துள்ளவில்லை. அந்தச் சத்தம் வருவதற்கு ஒரு நொடி முன்பே என் இரண்டு கைகளும் காதுகளைப் பொத்தியிருந்தன.

வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டு நோட்டை விரித்தேன். முன்பக்கத்தில் கடைசியாக எழுதியிருந்தது அந்தப் படம்தான்.

மூன்று வாரங்களுக்கு முந்தைய சனிக்கிழமைத் தேதி. அதே வடபழனி தியேட்டர். சீட் எண் மட்டும் வேறு. கையெழுத்து என்னுடையது. 'ழ'வின் வாலை அடுத்த எழுத்து வரைக்கும் இழுத்து எழுதுகிறவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். 'கூட வந்தது யார்' என்ற இடத்தில் கோடு இல்லை. 'ஒருவர்' என்று இருந்தது. அப்புறம் என் சட்டத்தை மீறி மூன்று வரிகள்:

'மூட்டையை இறக்கி வைக்கிற இடத்தில் பக்கத்து சீட்டு அம்மா அழுதார். கைக்குட்டை கொடுத்தேன். சொல்லிவிட்டேன்.'

காபி ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் அந்தக் கடைசி வார்த்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொன்னேன், யாரிடம் சொன்னேன் என்று ஒன்றும் தெரியவில்லை. பின்பக்கத்தில் கோடு அடித்திருக்கவில்லை. போனை எடுத்துப் பழைய செய்திகளைத் தேடினேன். அந்தத் தேதிக்கு டிக்கெட் பதிவான செய்தி இருந்தது. அதே சீட் எண். அன்று நூலகத்தில் அரை நாள்தான் வேலை என்பதும் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. மதியத்துக்கு மேல் என்ன செய்தேன் என்று யோசித்தால் மனதில் ஒன்றுமே இல்லை. மங்கலாகக்கூட இல்லை. மாட்டியிருந்த படத்தை எடுத்துவிட்ட சுவர்போல வெறுமையாக இருந்தது.

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். இரண்டு வருடங்களுக்குள் இப்படி இன்னும் இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்று அடையாறுப் பக்கம் ஒரு சின்ன அரங்கில் பார்த்த வெளிநாட்டுப் படம். இன்னொன்று ஒரு பேய்ப் படம். பேய்ப் படத்துக்கு நான் போவதே கிடையாது. அதற்கு எழுதியிருந்த ஒரு வரி: 'பயமாக இல்லை, பழகியதுபோல இருந்தது.'

கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற பயம். நோட்டைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். தினமும் காலையில் எழுந்ததும் பீரோவைத் திறந்து, புதிதாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். பூட்டியவளும் நான்தான், சாவி வைத்திருப்பவளும் நான்தான் என்பதை யோசித்தால் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. என் புடவையைக் கட்டிக்கொண்டு, என் செருப்பைப் போட்டுக்கொண்டு, எனக்குத் தெரியாமல் ஒருத்தி போய் வருகிறாள். படம் பார்க்கிறாள். யாரிடமோ எதையோ சொல்லிவிட்டு வந்து என் நோட்டில் எழுதி வைக்கிறாள். அப்படித்தான் எனக்குப் பட்டது. சில நாள் காலையில் பீரோவைத் திறக்கும்போது ஒரு வாடை வந்தது. தண்ணீர் தெளித்து அணைத்த அடுப்பின் ஈரச் சாம்பல் வாடை. எங்கள் வீட்டில் விறகடுப்பு இருந்ததே இல்லை.

ஒரு மாதம் கழித்து வடக்கு மாட வீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ தோளைத் தொட்டார்கள். அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மாள். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தடிமனான கண்ணாடி.

"என்னைத் தெரியறதா?"

எனக்கு முகம் பிடிபடவில்லை. அவர் பையிலிருந்து மடித்து இஸ்திரி போட்ட ஒரு கைக்குட்டையை எடுத்தார். ஓரத்தில் நீலப் பூ. என்னுடையது.

"தோச்சு வெச்சுண்டு தினம் பையில போட்டுண்டே அலையறேன். மாட வீதிக்குத்தான் காய் வாங்க வருவேன்னு அன்னிக்குச் சொன்னேளே. என்னிக்காவது பாத்துடுவேன்னு தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "உங்க அண்ணாவைப் பத்தி ஏதாவது தகவல் உண்டா?"

கையிலிருந்த கத்தரிக்காயைக் கூடையில் வைத்தேன்.

என் அண்ணனைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. குடித்துவிட்டு அப்பாவோடு சண்டை போட்டு ஒருநாள் வீட்டை விட்டுப் போனான். அதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அவன் போய் ஒன்றரை வருடம் கழித்து, என் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, வடபழனி டிப்போவில் அவனைப் பார்த்தேன். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் அழுக்குக் கட்டு. என்னைப் பார்த்தான். முழங்காலில் இருந்த கையைக் கொஞ்சம் தூக்கினான், அவ்வளவுதான், கூப்பிடவில்லை. என் பையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருந்தது. இவன் இந்த நிலையில் வந்து நின்றால் என்ன ஆகும் என்று நினைத்தேன். பஸ் வந்தது. ஏறி மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. அம்மா சாகிற வரைக்கும் காலிங்பெல் அடித்தால் வேறு யாரையும் கதவைத் திறக்க விட்டதில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

"நான் என்னவெல்லாம் சொன்னேன்?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எல்லாந்தான். டிப்போ, கால்ல கட்டு, பத்திரிகை. சொல்லிட்டு நீங்க அழவே இல்லை. அதான் எனக்குத் தாங்கலை." பூக்காரி எங்களைத் தாண்டிப் போகிற வரைக்கும் பொறுத்திருந்தார். "நான் சொன்னதை யார்கிட்டயும் சொல்லலையே?"

அவரும் ஏதோ சொல்லியிருக்கிறார். என்னிடம். தியேட்டர் இருட்டில் நாங்கள் இருவரும் உட்கார்ந்துகொண்டு, எங்கள் வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததை மாற்றிக்கொண்டிருக்கிறோம். நான் கொடுத்தது அவரிடம் பத்திரமாக இருக்கிறது. அவர் கொடுத்தது என்னிடம் இல்லை.

"இல்லை, யார்கிட்டயும் சொல்லலை" என்றேன். பொய்யில்லைதான்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "உங்க முகத்தைப் பாத்தாலே தெரியும், சொல்ல மாட்டேள்னு." போன் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று கணவர் கடையிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்ததும் நோட்டை அவர் முன்னால் வைத்தேன். முதலில் நோட்டு, பிறகு தியேட்டர், பிறகு அந்த அம்மாள், கடைசியில் அண்ணன். அண்ணன் விஷயத்தைக் கேட்டதும் அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"ஆடி மாசம் ஒருநாள் காலையில நீ எந்திரிச்சு வந்து, இன்னைக்கு என்ன கெழமைன்னு கேட்ட. சொன்னேன். திரும்பவும் கேட்ட. நாலு தடவை கேட்ட. தோசை சுட்டுக்கிட்டேதான் கேட்ட. தூக்கக் கலக்கம்னு நெனச்சிட்டேன்."

"எனக்கு அது ஞாபகமே இல்லையே."

"அதான் இப்பப் பயமா இருக்கு."

அடையாறில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். பொறுமையான பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏதாவது வாடை வருதா, வராத இடத்துல?" என்றார். சாம்பல் வாடையைப் பற்றி நான் என் கணவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. தலையில் வயர்களை ஒட்டிப் பரிசோதனை செய்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். இதுவும் வலிப்புதான் என்றார் மருத்துவர். கீழே விழாத, கை கால் இழுக்காத வலிப்பு. அந்த நேரத்தில் பேசலாம், நடக்கலாம், தோசைகூடச் சுடலாம், எதுவும் மனதில் தங்காது. அதோடு, நன்றாகப் பார்த்துக் கேட்டு அனுபவித்த சில நாட்களும் பின்னால் சில வாரங்களில் அழிந்துபோகலாம் என்றார். நோட்டைக் கேட்டு வாங்கி மெதுவாகப் புரட்டினார். "இது இல்லேன்னா நீங்க இங்க வர இன்னும் பல வருஷம் ஆகியிருக்கும்" என்றார்.

மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வாடை நின்றது. கிழமையைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் இல்லை என்கிறார் கணவர். இப்போது சனிக்கிழமைகளில் அவரும் என்னோடு வருகிறார். வழக்கம்போலத் தூங்குகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வடபழனி டிப்போவுக்குப் போய், டீக்கடைகளிலும் கோயில் வாசலிலும் பழைய போட்டோவைக் காட்டி விசாரித்தோம். இருபது வருடத்துக்கு முந்தைய முகம். யாருக்கும் தெரியவில்லை. காலில் புண்ணோடு தெருவில் கிடப்பவர்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்று கேட்டு, அங்கேயும் விவரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்கு வரச் சொன்னேன். நோயைப் பற்றிச் சொல்லி, அன்று அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூட என்னிடம் இல்லை என்றேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிட்டேன், ஆனா யாருக்கும் தெரியாது. இப்படியும் ஒரு வழி உண்டுன்னு தெரியாமப் போச்சே" என்றார்.

"திரும்பச் சொல்லணும்னு தோணினா சொல்லுங்க. இப்ப மறக்காது."

"வேண்டாம்மா. ஒரு தரம் சொன்னதே போறும்."

அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து நான்கு படங்கள் பார்த்துவிட்டோம். நல்ல ரசனை உள்ளவர். இடைவேளையில் வாய் ஓயாமல் பேசுவார். ஆனால் சில சமயம், திரையில் ஏதாவது ஒரு காட்சி வரும்போது, அவர் திரையைப் பார்க்காமல் இருட்டில் என் முகத்தைப் பார்ப்பது தெரியும். எந்த மாதிரிக் காட்சி வந்தால் அப்படிப் பார்க்கிறார் என்று கவனிக்கக் கூடாதென்று இருக்கிறேன். அழிந்தவற்றில் ஒன்றிரண்டு எப்போதாவது தானாகத் திரும்பி வருவதும் உண்டு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அப்படி வந்தால் அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.