இரவல் குரலில் வந்த தபால்காரர்

தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு முழத் தூரத்தில் கிடந்த அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி இன்னும் எங்கள் ஜெயங்கொண்டம் வீட்டில் இருக்கிறது. அண்ணன் மறைந்த பிறகு, என் அண்ணி அதில் அமர்ந்துதான் மாலைத் தொடர்களைப் பார்ப்பார். எல்லாத் தொடர்களையும் அல்ல. ஒரே ஓர் இயக்குநருடையவற்றை மட்டும். அந்த மனிதருக்கு ஏழெட்டு நடிகர்கள் வாடிக்கை. ஒரு தொடரில் தபால்காரராக வந்தவர் அடுத்ததில் தாசில்தாராக வருவார், சம்பந்தியம்மாள் சமையற்காரியாவார். எந்த ஒப்பனையில் வந்தாலும், முதல் வசனம் முடிவதற்குள் அண்ணி கண்டுபிடித்துவிடுவார். "தம்பி, நம்ம தபால்காரரு தாசில்தாராயிட்டாரு பாருங்க," என்பார், உறவினருக்குப் பதவி உயர்வு கிடைத்ததைச் சொல்வதுபோல.

பதிகங்களிலேயே பொழுதைக் கழித்த எனக்கு அது முதலில் வீண்வேலையாகத் தோன்றியது. ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்துச் சுவர்களில் ஒரே பெருமான் ஓரிடத்தில் ஆடியும் ஓரிடத்தில் ஓடேந்தி இரந்தும் நிற்பதைக் கண்டு கசிந்தவன், ஒரு மனிதரைப் பல வேடங்களில் அடையாளம் காண்பதை ஏளனம் செய்யலாமா என்று மனம் கேட்டது. நானும் அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். பெரும்பாலும் தோற்றேன்.

பிரதோஷந்தோறும் டவுன் பஸ்ஸில் அந்தக் கோயிலுக்கு இருவரும் போவோம். சன்னதியில் நின்றதும், இன்று என்ன அலங்காரம் என்று கேட்பார். நான் சொன்னால்தான் அவருக்கு நிறைவாக இருக்கிறதாம். என் தமிழில் நானே மயங்கி, வில்வ மாலையையும் விளக்கின் சுடரையும் விரித்துரைப்பேன்.

ஒரு மாலை புதிய தொடர் தொடங்கியது. தபால்காரர் இம்முறை தர்மகர்த்தா. திரை நிறைய அவர் முகம். அதே மூக்கு, அதே மச்சம். குரல் மட்டும் வேறு யாருடையதோ. நான் முந்திக்கொள்ளாமல் காத்திருந்தேன். அண்ணி தலையை ஆட்டினார். "இவரு யாரோ புது ஆளு தம்பி."

அந்த முக்காலி மாதத்துக்கு ஒரு சாண் முன்னே நகர்ந்ததும், சன்னதியில் அவர் கேட்ட கேள்வியும் ஒருங்கே விளங்கின. தொடர் முடிந்தபின் மெல்லக் கேட்டேன். "கண்ணு தெரியலைன்னா புள்ளைங்க வூட்டோட உக்கார வச்சிருவாங்க தம்பி. அப்புறம் பிரதோஷத்துக்கு யாரு என்னையக் கூட்டிட்டுப் போவா?"

கண்புரைதான் என்றார் திருச்சி மருத்துவர். பார்வை திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் பிரதோஷத்துக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த பிறகே அறுவைக்கு இசைந்தார்.

குணமாகி வந்த முதல் பிரதோஷத்தன்று சன்னதியில் அண்ணி எதுவும் கேட்கவில்லை. பார்த்தபடியே நின்றார். என் தமிழுக்கு அன்று அங்கே வேலையில்லை. அதைவிட மனம் நிறைந்த வழிபாடு எனக்கு வாய்த்ததில்லை. திரும்பும்போது பஸ்ஸில்தான் வாய் திறந்தார். "தபால்காரரு ரொம்ப நரைச்சுட்டாரு தம்பி. நீங்களுந்தான்."

அண்ணி போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முக்காலி, அவர் பின்னுக்குத் தள்ளிப்போட்ட சுவரோரத்திலேயே இருக்கிறது. நேற்று மாலை அதில் அமர்ந்திருந்தேன். அந்த இயக்குநரின் புதுத் தொடரில், முகமெல்லாம் தாடியாக ஒரு கிழவர் வந்தார். எவ்வளவு உற்றுப் பார்த்தும் பிடிபடவில்லை. கண்களை மூடிக்கொண்டு அவர் பேசுவதற்காகக் காத்திருந்தேன். முதல் வசனம் முடியவில்லை, தபால்காரர்தான்.