என் பந்தலில் பூத்த காட்டுப் பாக்கு

என் கல்யாணப் படத்தில் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், ஒருவரைத் தவிர. அவர் என் தலைக்கு மேலே எதையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் பினாங்குத் தமிழர். கோலாலம்பூரில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். எழுபதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கும் காட்டுக்கு அடிக்கடி வருவார். தேடி வந்தது ஒரு குட்டிப் பாக்கு மரத்தை. மரம் என்று சொல்வதே அதற்கு மரியாதை. ஆள் உயரம்கூட வராது, தண்டு விரல் தடிமன்தான். அதைப் போய் ஒரு படித்த மனிதர் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு அளந்துகொண்டிருந்தார். நாங்கள் குடியிருந்த லயத்தில் அவருக்குப் 'பாக்கு துரை' என்று பெயர் விழுந்துவிட்டது.

கொழுந்தெடுக்கப் போகும் வழியில் நாங்கள் சீண்டினால் அவர் கோபிக்க மாட்டார், பாடம் நடத்துவார். இலை நுனி மீன்வால் மாதிரி பிளந்திருக்கிறது, காய் இரண்டே வரிசையில் நிற்கிறது, இதுவரை யாரும் எழுதாத இனம் இது என்பார். ஆனால் பூவைப் பார்க்காமல் எழுதினால் மற்ற படித்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். பூவோ ஒவ்வொரு முறையும் அவர் வருவதற்குள் உதிர்ந்துவிடும், காய்தான் மிஞ்சும்.

"பொண்ணப் பாக்காமலே கல்யாணம் பேசற மாதிரி இருக்கு சார்" என்றேன் ஒருநாள். என் நிலைமையும் அப்போது அதுதான். ரிங்லெட் ஊர் மாப்பிள்ளையை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

கல்யாண வாரம் ஓயாத மழை. தாப்பாவிலிருந்து மலையேறும் சாலையில் மண் சரிந்து, கீழேயிருந்து தென்னங்குருத்தும் பாக்குக் குலையும் கொண்டுவர வேண்டிய லோரி வரவில்லை. எங்கள் குளிருக்குத் தென்னை ஏது? குலை தொங்காத பந்தல் ஒரு பந்தலா என்று அம்மா புலம்பியதும், மாமன்மார் கத்தியோடு காட்டுக்குப் போனார்கள். எதை வெட்டி வந்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? அதில் ஒன்றில் அன்றைக்குத்தான் பாளை வெடித்திருந்தது. அழகாக இருக்கிறதென்று அதை மணவறைக்கு நேர் மேலே கட்டினார்கள்.

சாலை அடைபட்டு மலையிலேயே மாட்டிக்கொண்ட பாக்கு துரையும் கல்யாணத்துக்கு வந்தார். நிமிர்ந்து பார்த்தவர் நேராக அம்மாவிடம் ஓடினார்.

"அம்மா, அந்த ஒரு பூவ மட்டும் அவுத்துக்கட்டுமா? இன்னிக்கே உதிர்ந்துடும்."

"நல்லா கேட்டீங்க போங்க! தாலி ஏறாம பந்தல்ல கை வைக்கலாமா? ஒக்காருங்க லா."

உட்கார்ந்தார், முன்வரிசையில், கண் கொட்டாமல். என் மடியில் ஒவ்வொரு பூவாக விழ விழ, அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. மாப்பிள்ளையின் தாயார் சும்மா இருப்பாரா?

"யாரு அந்த ஆளு? பொண்ணையே மொறச்சுப் பாக்கறான்?"

மேளத்தையும் மீறி அது கேட்டது. மாப்பிள்ளையும் திரும்பிப் பார்த்தார். மணவறையில் பெண் வாய் திறக்கக் கூடாதுதான். திறந்தேன்.

"என்னப் பாக்கல அத்த. மேல இருக்கற பூவப் பாக்கறாரு."

கூட்டம் மொத்தமும் அண்ணாந்தது. மாப்பிள்ளை சிரித்துவிட்டார். இந்த மனிதரோடு காலம் தள்ளிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

தாலி கட்டிய கையோடு அவர் எழுந்து, எக்கி அந்தப் பாளையை அவிழ்த்தார். கல்யாணமானதும் என் புருஷன் முதலில் பூக் கொடுத்தது எனக்கல்ல, பாக்கு துரைக்கு! என் பங்குக்கு நானும் மடியில் கிடந்ததை ஒரு வாழையிலையில் உதறிக் கொடுத்தேன், அட்சதையும் பூவும் கலந்தபடியே.

எண்பதுகளில் அந்தப் பாக்கு லத்தீன் பெயரோடு புத்தகத்தில் ஏறியது. அதைச் சொல்லப் பாக்கு துரையே வந்தார். அந்தப் பாளையை உலர்த்தி, உதிர்ந்த பூக்களை ஒரு காகித உறையிலிட்டு, செடிகொடிகளைச் சேர்த்துவைக்கும் ஓர் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். அந்த இனத்தைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

"அந்த உறையில கொஞ்சம் மஞ்ச அரிசியும் இருக்கும்மா. எடுக்க மனசு வரல" என்றார்.

"பாத்தியா, இனிமே நம்ம கல்யாணம் செல்லாதுன்னு எவனும் சொல்ல முடியாது" என்றார் என் கணவர்.

அப்படிச் சொன்னவர் இப்போது இல்லை. மலைக் குளிரில் பூஞ்சை பிடித்து, படத்தில் அவர் முகம் பாதி அழிந்துவிட்டது. அண்ணாந்து பார்க்கிறவர் மட்டும் பளிச்சென்று இருக்கிறார். எனக்கு அதில் கோபம்தான். ஆனால் எங்கள் இருவர் தலையிலும் விழுந்த அரிசியை, நான் பார்க்காத ஏதோ ஓர் அலமாரியில், இன்னும் கெடாமல் வைத்திருப்பதும் அந்தப் பாக்கு துரைதான்.